காந்தி ரோடு லாட்ஜுக்கு ஒரு பக்கம்: மூன்று மொழி, 360 பிக்சல் அகலம்

வெப் டிசைன் படிக்கத் தொடங்கும் மாணவர் கையில் முதல் பயிற்சியாகக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு கற்பனைக் காபிக் கடை. பெயர் கற்பனை, விலை கற்பனை, இடத்தை நிரப்ப லோரம் இப்சம். அந்தப் பக்கம் அழகாகத்தான் வரும். அதை நம்பி யாரும் ஊரிலிருந்து கிளம்பப் போவதில்லை என்பதால் அதில் தப்பு இருந்தாலும் வெளியே தெரியாது. வேலூரில் படிக்கிறவருக்கு இதைவிட நல்ல பாடம் நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றிக் காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் வரிசையாக லாட்ஜுகள். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, பங்களாதேஷ் எனப் பல திசையிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி, பாலாற்றைத் தாண்டி, நோயாளியையும் மூட்டையையும் வைத்துக்கொண்டு அறை தேடுகிறார்கள். அவர்கள் கையில் ஒரு போன் இருக்கிறது. அந்தப் போனில், தமிழ், இந்தி, வங்காளி மூன்றிலும், உண்மையாகவே உதவுகிற ஒரே ஒரு பக்கத்தைச் செய்வதுதான் இந்தப் பயிற்சி.

முதல் பருவ மாணவி ஒருவர், சிறிய லாட்ஜ் ஒன்றுக்காக மூன்று வார மாலைகளில் செய்த வேலையின் பதிவு இது. எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது, எந்த அளவு வைத்ததும் நின்றது என்பவற்றை அளவோடு எழுதியிருக்கிறோம்.

கவுண்டரில் இரண்டு மாலை

பக்க வடிவம் வரையும் மென்பொருளான ஃபிக்மாவைத் திறப்பதற்கு முன் ஒரு நோட்டும் பேனாவும். லாட்ஜ்காரரிடம் அனுமதி வாங்கி, கவுண்டர் ஓரமாக இரண்டு மாலை உட்கார வேண்டும். நேரில் வருகிறவர் கேட்பது, போனில் கேட்பது இரண்டையும் அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். நாற்பது கேள்வி சேர்ந்தால் போதும். அதற்குப் பிறகு வருபவை ஏற்கெனவே எழுதியவைதான். ஒரே கேள்விக்குப் பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தால் முக்கியத்துவ வரிசை தானாகக் கிடைத்துவிடும்.

மாணவியின் முதல் வரைவில் மேலே ஒரு பெரிய படம், அடுத்து 'எங்களைப் பற்றி', பிறகு புகைப்படத் தொகுப்பு, கடைசியில் போன் எண். நோட்டில் வந்த வரிசை வேறு. சமைக்கலாமா, அடுப்பும் பாத்திரமும் தருவீர்களா? ஒரு நாள் வாடகை எவ்வளவு? ஒரே அறையில் மூன்று பேர் தங்கலாமா? லிஃப்ட் உண்டா? வெஸ்டர்ன் டாய்லெட்டா? வெந்நீர் எப்போது வரும்? என்ன ஆதாரம் கொண்டு வர வேண்டும்? நடந்தே ஆஸ்பத்திரி போகலாமா? ஒருவர்கூட லாட்ஜின் வரலாற்றைக் கேட்கவில்லை. 'எங்களைப் பற்றி' அன்றே போனது. அடுப்பு விஷயம் இரண்டாவது வரிக்கு ஏறியது. பத்தியச் சாப்பாடு வேண்டிய நோயாளிக்கு அறையைத் தீர்மானிப்பதே அடுப்புதான்.

ஒரு நுணுக்கம் நோட்டில்தான் பிடிபட்டது. 'சிஎம்சி அருகில்' என்று மட்டும் எழுதினால் இப்போது போதாது. 2022 முதல் ராணிப்பேட்டைப் பக்கம் ரத்தினகிரி அருகே இன்னொரு வளாகமும் இயங்குகிறது. அங்கே அப்பாயின்ட்மென்ட் உள்ளவர் காந்தி ரோட்டில் அறை எடுத்தால் தினமும் அலைய வேண்டும். எனவே முதல் திரையிலேயே 'வேலூர் நகர வளாகத்துக்கு அருகில்' என்று எழுதி, 'உங்கள் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் ராணிப்பேட்டை வளாகம் என்று இருக்கிறதா எனப் பாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்தாயிற்று. யூஎக்ஸ் (பயனர் அனுபவம்) என்பதன் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஒரு வரிதான். நிறமும் நிழலும் அப்புறம்.

சொல் முதலில், பெட்டி பிறகு

பக்கத்தில் வர வேண்டிய ஒவ்வொரு வரியையும் சாதாரண டாக்குமென்டில் முழுதாக எழுதி முடிக்கும்வரை ஒரு பெட்டிகூட வரையக் கூடாது. இந்த ஒரு விதியில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆங்கில மாதிரியில் 'புக்' என்ற நான்கெழுத்துச் சொல்லுக்கு வரைந்த பட்டனில் 'முன்பதிவு செய்ய இங்கே அழுத்தவும்' போய் உட்காராது.

லாட்ஜ்காரர் கொடுத்த பழைய நோட்டீஸ் ஃபைல் டிடிபி சென்டரில் பாமினி ஃபான்ட்டில் அடித்தது. அதைக் காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், ஏனென்றால் பாமினி, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடு அல்ல. இணையத்தில் கிடைக்கும் மாற்றியில் போட்டு யூனிகோடாக்கலாம். ஆனால் மாற்றியதை அப்படியே நம்பக் கூடாது. இரண்டு இடத்தில் தவறு ஒளிந்திருக்கும். துணைக்காலுக்குப் பதில் ரகரம் அடித்திருப்பார்கள்: 'வாடகை' என்பது 'வரடகை' ஆகியிருக்கும். அடுத்தது ஔகாரம். 'சௌகரியம்' என்ற சொல்லில் வருவது ஔகாரக் குறி. அந்த ஃபைலிலோ ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு 'செளகரியம்' என்று இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். தேடலில் அகப்படாது, திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடர் 'செ-ள-கரியம்' என்று படிக்கும். டாக்குமென்டில் 'ெள' என்று தேடி ஒவ்வொன்றையும் கையால் பார்ப்பதே வழி. 'வெள்ளி', 'வெளியே' போன்ற சொற்களில் அது சரியான எழுத்து என்பதால் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட முடியாது.

ஃபிக்மாவில்

ஃபிரேம் அகலம் 360, உயரம் 800. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்களில் அதிகம் காணும் அகலம் 360தான். இரு ஓரமும் 16 விட்டால் மீதி 328. கம்ப்யூட்டர் திரைக்கான வடிவம் கடைசி நாளில் ஒரு மணி நேர வேலை.

ஃபிக்மா தானாகக் கொடுக்கும் இன்டர் ஃபான்ட்டில் தமிழ் எழுத்து கிடையாது. தமிழ் அடித்தால் ஏதோ தெரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. தெரிவது மாற்று ஃபான்ட், அதன் அகலமும் உயரமும் வேறு. மூன்று மொழிக்கும் ஒரே குடும்பத்து ஃபான்ட் எடுத்தால் பக்கம் ஒரே கை எழுதியதுபோல் இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸில் ஹிந்த் குடும்பம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது: இந்திக்கு ஹிந்த், வங்காளிக்கு ஹிந்த் சிலிகுரி, தமிழுக்கு ஹிந்த் மதுரை. மூன்றும் இலவசம், மூன்றிலும் 300 முதல் 700 வரை ஐந்து தடிமன். இந்தப் பக்கத்துக்கு 400, 600 இரண்டு மட்டும் எடுத்தால் போதும். மாணவி முதலில் 400 மட்டும் ஏற்றிவிட்டுத் தலைப்புக்கு 700 கேட்டிருந்தார். ஃபைல் இல்லாத தடிமனை பிரவுசர் தானே பூசித் தடிப்பாக்கும். ஆங்கில எழுத்துக்கு அது அவ்வளவாகத் தெரியாது. தமிழில் ணகரத்தின் சுழியும் ஞகரத்தின் உள்வளைவும் மை ஊறியதுபோல் அடைபட்டன. சாய்வெழுத்தும் இப்படித்தான். தமிழுக்கு அது மரபிலேயே இல்லை, பிரவுசர் சாய்த்துத் தள்ளுவது வெறும் சரிவு. அழுத்தம் வேண்டிய இடத்தில் 600 தடிமன் போதும்.

டெக்ஸ்ட் பெட்டிகளை நிலையான அளவில் வைக்காமல் 'ஆட்டோ ஹைட்'டுக்கும், அவற்றைச் சுற்றிய ஃபிரேம்களை ஆட்டோ லேஅவுட்டுக்கும் மாற்றிவிட வேண்டும். அப்போதுதான் ஒரு வரி இரண்டு வரியானால் கீழே உள்ளவை தானே இறங்கும்.

உடைந்த இடங்கள்

பக்கத்துக்கான நிரலை எழுதிப் போனில் திறந்ததும் முதலில் கண்டது எறும்பு அளவு எழுத்து. திரை அகலத்துக்கு ஏற்ப வரையும்படி பிரவுசருக்குச் சொல்லும் வியூபோர்ட் மெட்டா டேக் விடுபட்டிருந்தது. அது இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் பக்கத்தை 980 பிக்சல் அகலத்துக்கு வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும். ஒரு வரி சேர்த்ததும் சரியானது. எழுத்துக் குறிமுறையைச் சொல்லும் சார்செட் டேகையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்: யூடிஎஃப்-8 என்ற அறிவிப்பு ஃபைலின் முதல் 1024 பைட்டுக்குள் வர வேண்டும், அதற்கு மேலே நீளமான கமென்ட் எதுவும் வைக்கக் கூடாது.

அடுத்தது பட்டன். உயரம் 40 என்று கட்டியிருந்தார், எழுத்து 16, லைன்-ஹைட் (வரி உயரம், எழுத்தளவின் மடங்கில்) 1.7. சொல் இரண்டு வரியாக மடங்கினால் வேண்டிய உயரம் 54. இரண்டாவது வரி பட்டனுக்கு வெளியே தொங்கியது. தீர்வு இரண்டு பக்கமும் வேண்டும். ஹைட்டை எடுத்துவிட்டு மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) 48, மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) 12. சொல்லையும் குறைக்க வேண்டும்: 'அறை கேட்க'. பேசுகிற தமிழில் அதுதான் சொல். 'முன்பதிவு செய்ய இங்கே அழுத்தவும்' என்று யாரும் பேசுவதில்லை. 48 என்ற உயரம் கூகுளின் மெட்டீரியல் வழிகாட்டியில் தொடு இடத்துக்குச் சொல்லப்படும் அளவு. எல்லோரும் பயன்படுத்தும்படி பக்கம் அமைப்பதற்கான விதித் தொகுப்பு டபிள்யூசிஏஜி 2.2 கேட்கும் குறைந்தபட்சம் 24. கையில் மூட்டையோடு நிற்கிறவர் கட்டை விரலுக்கு 24 போதவே போதாது.

மூன்றாவது, அறை வசதிகளை இரண்டு பத்தியாக அடுக்கிய கட்டம். 328இல் நடு இடைவெளி 12 போனால் பத்திக்கு 158. உள் பேடிங் இருபுறமும் 12 போனால் எழுத்துக்கு மிஞ்சுவது 134. 'குளியலறையுடன்' என்ற ஒற்றைச் சொல் 18 அளவில் அந்த 134க்குள் அடங்காமல் பக்கத்துப் பெட்டிக்குள் தலையை நீட்டியது. தமிழில் சொல்லோடு சொல் ஒட்டிக்கொண்டே போகும். பிரவுசர் இடைவெளி கண்ட இடத்தில்தான் உடைக்கும். சொல்லை நடுவில் உடைக்க விடும் ஓவர்ஃப்ளோ-ராப் கொடுத்தால் உள்ளே அடங்கும், ஆனால் 'குளியலறையு' ஒரு வரியிலும் 'டன்' அடுத்த வரியிலும் நிற்கும். படிக்கிறவர் தடுமாறுவார். எழுத்தைச் சிறிதாக்குவது அதைவிட மோசம். இரண்டு பத்தியை ஒரே பத்தியாக்கி, 'அறைக்குள் குளியலறை உண்டு' என்று எழுதியதும் பிரச்சினையே இல்லாமல் போனது.

நான்காவது, வெட்டுப்பட்ட தலைகள். தலைப்புக்கு லைன்-ஹைட் 1, கூடவே, பெட்டிக்கு வெளியே போவதை மறைக்கும் ஓவர்ஃப்ளோ ஹிட்டன். ஆங்கில டெம்ப்ளேட்டிலிருந்து வந்த பழக்கம் இது. 'கீழ்த்தளம்' என்ற சொல்லில் ககரத்தின் மேல் சுழி பாதியும் ழகரத்தின் கீழ் வளைவும் காணாமல் போயின. தமிழுக்கு மேலேயும் வேண்டும், கீழேயும் வேண்டும்: மேலே புள்ளியும் ஈகாரச் சுழியும், கீழே உகரக் காலும் ழகர வாலும். தலைப்பு 26 அளவுக்கு 1.35, உடல் எழுத்து 18 அளவுக்கு 1.7 என்று வைத்ததும் எல்லாம் தெரிந்தது. ஃபான்ட் மாற்றும்போதெல்லாம் 'ஞாயிற்றுக்கிழமை', 'ஸ்ரீ', 'கீழ்த்தளம்' மூன்றையும் அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. மூன்றும் முழுதாகத் தெரிந்தால் மற்றவை பெரும்பாலும் தெரியும்.

ஐந்தாவது, நீளமான வரியைச் சுருக்க ஜாவாஸ்கிரிப்டில் எண்ணி வெட்டியது. கம்ப்யூட்டர் எண்ணுவது எழுத்தை அல்ல, குறியை. 'வேலூர்' நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஆறு: வகரம், ஏகாரக் குறி, லகரம், ஊகாரக் குறி, ரகரம், புள்ளி. ஐந்தில் வெட்டினால் 'வேலூர' என்று புள்ளி இழந்து நிற்கும், மூன்றில் வெட்டினால் 'வேல'. தமிழை ஸ்கிரிப்டால் எண்ணி வெட்டவே வேண்டாம். வரி மடங்கட்டும், இடம் கொடுங்கள்.

லெட்டர்-ஸ்பேசிங் (எழுத்துகளுக்கு இடையே விடும் இடம்) பற்றியும் சொல்ல வேண்டும். தலைப்பை விசாலமாகக் காட்ட 1 பிக்சல் கொடுத்திருந்தார். தமிழ் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான். இந்தியிலும் வங்காளியிலும் எழுத்துகளை மேலே இணைக்கும் தலைக்கோடு துண்டு துண்டானது. அந்த மொழி தெரியாதவர் கண்ணில் இது படவே படாது. தெரிந்தவருக்கோ கிழிந்த துணிபோல் இருக்கும். மூன்று மொழியிலும் பூஜ்யம்.

வெயிலில் பார்த்தல்

வெயிலூர் என்று இந்த ஊரைச் சும்மா சொல்லவில்லை. வகுப்பறை ஏசியில் மென்மையாகத் தெரிந்த சாம்பல் எழுத்து, பகல் ஒரு மணிக்குக் காந்தி ரோட்டில் காணவே இல்லை. வெள்ளைப் பின்னணியில் 999999 என்ற சாம்பலின் கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு) 2.85:1. சாதாரண எழுத்துக்கு டபிள்யூசிஏஜி கேட்பது 4.5:1. 767676 வைத்தால் 4.54 வந்து விதியைத் தொட்டுவிடும், ஆனால் வெயிலுக்கு அது போதவில்லை. 333333 வைத்தால் 12.6; அதுதான் நின்றது. போன் வெளிச்சத்தைப் பாதியில் வைத்து, தெருவில் நின்று படித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. பேட்டரி மிச்சம் பிடிக்க வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பவர்களே அதிகம்.

மொழி மாற்றும் இடம்

கொடிப் படம் வைக்கக் கூடாது. வங்காளி பேசுகிறவர் கல்கத்தாவிலிருந்தும் வருவார், டாக்காவிலிருந்தும் வருவார். எந்தக் கொடியை வைப்பது? பூகோள உருண்டைக்குள் ஒளித்தும் வைக்கக் கூடாது. பக்கத்தின் உச்சியில் மூன்று சொல், ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே. மொழிக்கு ஒரு தனி முகவரி, ஒவ்வொன்றிலும் எந்த மொழி என்று பிரவுசருக்குச் சொல்லும் லேங் குறி. தனி முகவரி இருந்தால்தான் ஒருவர் வங்காளிப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் ஊருக்கு அனுப்பும்போது அங்கேயும் வங்காளியிலேயே திறக்கும்.

மொழிபெயர்ப்பை இயந்திரத்தில் போட்டு எடுத்தாலும், அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஒருவர் வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இதற்கு வேலூரில் ஆள் தேட வேண்டியதில்லை.

எண்களில் கவனம் வேண்டும். வங்காளிப் பக்கத்தில் வாடகையையும் போன் எண்ணையும் அந்த மொழியின் எண்ணுருவில் போட்டால் நெருக்கமாக இருக்கும் என்று மாணவி நினைத்தார். வங்காளி எண்ணுருவில் நான்கு என்பது பார்வைக்கு நம் 8 போலவே இருக்கும், ஏழு 9 போலத் தெரியும். லாட்ஜ் பையன் ஒருவரின் போனை எட்டிப் பார்த்து 400ஐ 800 என்று படித்துவிடலாம். வாடகை, தேதி, போன் மூன்றும் எல்லாப் பக்கத்திலும் ஒரே எண்ணுருவில்.

படிவம் போய் வாட்ஸ்அப் வந்தது

முதல் வரைவில் ஒன்பது கட்டம் கொண்ட படிவம். அதை நிரப்பி அனுப்பினால் மின்னஞ்சலுக்குப் போகும். கவுண்டரில் மின்னஞ்சல் பார்ப்பவர் யாரும் இல்லை. படிவத்தை எடுத்துவிட்டு, கீழே ஒட்டிக்கொண்டே வரும் பட்டையில் இரண்டு பட்டன்: போன், வாட்ஸ்அப். வாட்ஸ்அப் இணைப்பில் செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். வைத்தது இதுதான்: 'அறை வேண்டும். வரும் தேதி: / எத்தனை பேர்: / எத்தனை நாள்: / அடுப்பு வேண்டுமா: / நடக்க முடியாதவர் உண்டா:'. ஒவ்வொன்றும் தனி வரி, அவரவர் மொழியில். தட்டுகிறவர் விடையை மட்டும் நிரப்பி அனுப்புவார். கவுண்டரில் இருப்பவர் திரும்பக் கேட்க வேண்டியதில்லை.

தவறு நடக்கும் இடம் எண். வாட்ஸ்அப் இணைப்பில் நாட்டுக் குறி 91, பிறகு பத்து இலக்கம். கூட்டல் குறி, முன் பூஜ்யம், இடைவெளி எதுவும் கூடாது. போன் இணைப்பில் கூட்டல் குறியோடு 91 வேண்டும். செய்தியை யூஆர்எல்-என்கோட் செய்யாமல் (வரி முறிவு போன்றவற்றை முகவரியில் செல்லும் குறியாக மாற்றாமல்) வைத்தால் வரி முறிவு போய் எல்லாம் ஒரே வரியாக ஒட்டிவிடும்.

படங்களுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் எடுத்த படம் மூன்று நான்கு எம்பி இருக்கும். 720 அகலத்துக்குக் குறைத்து, வெப்பி (WebP) என்ற பட வடிவில் 75 தரத்தில் சேமித்தால் நூறு கேபிக்குள் வந்துவிடும். விட்த், ஹைட் இரண்டையும் டேகில் எழுத வேண்டும். எழுதாதபோது படம் ஏறியதும் பக்கம் குதித்து, வாடகையைத் தட்டப் போன விரல் வரைபடத்தைத் தட்டியது. படுக்கையை அழகாகக் காட்டும் படத்தைவிட, வாசல்படியும் லிஃப்ட் கதவின் அகலமும் தெரியும் படம் இங்கே மதிப்பு மிக்கது.

ஒன்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம்

ஐந்து பேரிடம் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிவந்துவிடும் என்று பயன்பாட்டு எளிமை ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதினார். பயன்படுத்துகிறவர்களில் வெவ்வேறு பிரிவு இருந்தால் ஒவ்வொரு பிரிவிலும் ஆள் வேண்டும். மூன்று மொழி என்பதால் மொழிக்கு மூன்று பேர். ரயிலை விட்டு இறங்கி அறை தேடுகிறவரை நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே தங்கியிருக்கும், ஓய்வாக இருக்கும் உறவினரிடம் கேட்க வேண்டும். பெயரோ நோய் விவரமோ எழுதக் கூடாது. அவர்கள் போனிலேயே திறக்கச் சொல்லி ஒரே ஒரு வேலை: 'மூன்று பேர், பன்னிரண்டு நாள், அடுப்போடு அறை. எவ்வளவு ஆகும் என்று கண்டுபிடியுங்கள்.' அதற்குப் பிறகு மாணவி வாயைத் திறக்கக் கூடாது. விரல் எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். முதல் இருவரிடம் அவர் 'கீழே பாருங்க' என்று சொல்லிவிட்டார்; அந்த இரண்டும் கணக்கில் சேரவில்லை, வேறு இருவரைத் தேட வேண்டி வந்தது.

விரல் நின்ற இடங்கள் இவை. '24 மணி நேர செக்-அவுட்' என்பதை எப்போது வேண்டுமானாலும் காலி செய்யலாம் என்று புரிந்துகொண்டார்கள். அதை 'காலை 9 மணிக்கு வந்தால் மறுநாள் காலை 9 மணி வரை ஒரு நாள் கணக்கு' என்று மாற்றியாயிற்று. வாடகையில் இருந்த 'முதல்' என்ற சொல்லை யாரும் கவனிக்கவில்லை. சிறிய தொகையையே முழு வாடகையாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது அறை வகை ஒவ்வொன்றுக்கும் அதன் தொகை தனியாக. போன் படத்தைத் தட்டாமல் எண்ணையே தட்டினார்கள், எண் இணைப்பாக இல்லை. பட்டை முழுவதையும் இணைப்பாக்கியாயிற்று. மீட்டரில் எழுதிய தூரம் யாருக்கும் எதையும் சொல்லவில்லை. வயதானவர் ஒருவரோடு வாசலிலிருந்து மெதுவாக நடந்து, கடிகாரம் பார்த்து, அந்த நிமிடத்தையும், வழியில் எத்தனை சாலை கடக்க வேண்டும், வாசலில் எத்தனை படி என்பதையும் எழுதினார். வெளிநாட்டவர் தங்கினால் லாட்ஜ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதால், 'பாஸ்போர்ட், விசா இரண்டின் நகலும் கொண்டு வாருங்கள்' என்ற வரி வங்காளிப் பக்கத்தில் அடியிலிருந்து வாடகைக்குக் கீழே ஏறியது.

கடைசி நாள் வேலை வாடகையை எடுத்து வெளியே வைத்தது. மூன்று பக்கத்திலும் தொகை தனித்தனியாக எழுதியிருந்தது. ஒன்றில் மாற்றி மற்றதில் மறந்தால் இந்திக்காரருக்கு ஒரு விலை, தமிழருக்கு ஒரு விலை. கவுண்டரில் சண்டைதான் வரும். இப்போது தொகை, வெந்நீர் நேரம், போன் எண் மூன்றும் ஒரே சிறு ஃபைலில் இருக்கின்றன; மூன்று பக்கமும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. லாட்ஜ்காரரின் மகன் போனிலிருந்தே அந்த ஃபைலைத் திறந்து ஓர் எண்ணை மாற்றி, மூன்று மொழியிலும் மாறியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வேலையை ஒப்படைத்தார்.